ஆற்றங்கரையில் மூன்று படி

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு,

இந்த வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதலாம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். உன் வயிற்று எரிச்சல் எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் காப்பி குடிப்பதை விட்டாயா, இல்லை வீட்டுக்காரிக்குத் தெரியாமல் ஆபீஸில் போய்க் குடிக்கிறாயா? குட்டி இரண்டாம் வகுப்பில் இதுவரை யார் யாரைக் கடித்தாள் என்றும் எழுது.

போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

வீடு பிடித்திருக்கிறது. தரைத்தளம். வாசலில் படி கிடையாது. குளியலறைக் கதவு என் நாற்காலியை விட நாலு விரல் அகலம். சித்தி வீட்டு மாடியில் இரண்டரை வருஷம் கிடந்தவளுக்கு இது அரண்மனை. அந்த விபத்துக்குப் பிறகு டாக்டரைப் பார்க்கப் போவதென்றால்கூடப் பக்கத்து வீட்டு ஆண்கள் நாலு பேர் வர வேண்டும். பீரோவை இறக்குகிற மாதிரி என்னை இறக்குவார்கள். "பாத்து, பாத்து, சுவத்துல இடிக்குது" என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இனிமேல் அதெல்லாம் கிடையாது.

வேலையும் கிடைத்துவிட்டது! பக்கத்துப் புறநகரில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பட்டறை. என் பழைய வேலைதான், லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது. அதற்குக் கால் எதற்கு? பிப்ரவரி முதல் தேதி சேர வேண்டும். ஏப்ரல் கடைசிவரை பார்ப்பார்களாம், பிறகு நிரந்தரம். முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஒம்பது மணிக்கு மெஷின் ஓடணும்மா. பதினோரு மணிக்கு வேன் வந்து எடுத்துட்டுப் போயிடும். லேட்டு மட்டும் கூடாது." நான் எப்போதடா லேட்டாகப் போயிருக்கிறேன்?

பஸ்ஸில் போனால் ஊரையே சுற்ற வேண்டும். என்னை ஏற்றுகிற மாதிரி சாய்பலகை உள்ள பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஆனால் ஆற்றங்கரை நடைபாதை இருக்கிறதே, நேராக இரண்டு கிலோமீட்டர்! நீ அனுப்பிய இந்த ஊர் வழிகாட்டிக் கையேட்டில் அந்தப் பாதைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்டு, 'படிகள் இல்லை' என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் இந்த வீட்டையே பிடித்தேன்.

இருப்புக் கொள்ளவில்லை. உள்ளங்கை இரண்டும் துறுதுறுக்கிறது. உடனே பதில் போடு.

அக்கா

*

ஜனவரி 17

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சௌக்கியம். காப்பியை விட்டுவிட்டேன். (இந்தக் கடிதத்தை அவளும் படிப்பாள்.) குட்டி இப்போதெல்லாம் கடிப்பதில்லை, கிள்ளுகிறாள். உன் தோள்பட்டை எப்படி? இரண்டு கிலோமீட்டர் கையால் தள்ளிக்கொண்டு போவது சும்மா இல்லை. ஆரம்பத்தில் பாதி வழியில் நின்று இளைப்பாறிப் போ.

கையேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பு. நான் அந்த ஊரில் ஓவர்சியராக இருந்தபோது எங்கள் சாலைப் பிரிவு போட்டது. குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நாங்களே அந்தப் பாதை முழுக்கப் போயிருக்கிறோம். ஓர் இடத்திலும் சக்கரம் நிற்கவில்லை. நல்ல நிழல். வாத்துகள் இருக்கும்.

எனக்கு மே மாதம் உதவிப் பொறியாளர் பதவி உயர்வுக்கு நேர்முகம். பதினோரு வருஷமாக ஓவர்சியராகவே மேஜையைத் தேய்க்கிறேன். இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீயும் வேண்டிக்கொள். நமக்கு ஒரே சமயத்தில் நல்ல காலம் பிறக்கிறது போலிருக்கிறது.

உன் தம்பி

*

ஜனவரி 30

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. நீங்கள் மூவரும் நன்றாக இருக்கிறீர்களா? அந்த மட்டும் நிம்மதி.

சேருவதற்கு முன்பு ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று இன்று காலை கிளம்பினேன். நீ சொன்ன நிழல் இருந்தது. வாத்து இருந்தது. தார் போட்ட வழவழப்பான பாதை, சக்கரம் தானாக உருண்டது. பாட்டுப் பாடிக்கொண்டே போனேன் என்றால் நம்புவாயா? ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு வாய்க்கால் வந்து ஆற்றில் சேர்கிறது. அதற்கு மேல் சின்னப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் அழகாகச் சரிவு போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் மூன்று படி.

மூன்றே மூன்று, தம்பி. குட்டி ஒரே தாவில் ஏறிவிடுவாள். எனக்கு அது மூன்று மாடி. பட்டறையின் தகரக் கூரை அங்கிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது. அரை மணி நேரம் அந்தப் படியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கமாக ஓடி வந்த இரண்டு பேர் நின்று, "தூக்கி விட்டுடட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். ஒன்றரைக் கிலோமீட்டரும் திரும்பி.

'படிகள் இல்லை' என்று எழுதிய மகானுபாவன் யார்? கண் இருந்ததா அவனுக்கு? ஒரு டிகிரி அச்சு விலகினாலே கண்ணாடி போட்டவருக்குத் தலைவலி வரும் என்று நாங்கள் லென்ஸை நாலு தடவை பார்ப்போம். இவன் மூன்று படியைக் கோட்டைவிட்டிருக்கிறான்!

நீ இந்தத் துறைக்காரன். ஆபீஸ் பாஷை உனக்குத்தான் தெரியும். எனக்காக ஒரு புகார் மனு எழுதி அனுப்பு. காட்டமாக எழுது. இரண்டு நாள்தான் இருக்கிறது, சீக்கிரம்.

அக்கா

*

பிப்ரவரி 21

அன்பு அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஆபீஸில் தலைக்கு மேல் வேலை, எனக்கும் மறுபடி வயிற்று எரிச்சல்.

அந்தப் படிகளைப் பற்றி யோசித்தேன். கையேடு வந்த பிறகு ஏதாவது வெள்ளத்தில் சரிவு அடித்துக்கொண்டு போயிருக்கும். அவசரத்துக்குப் படி கட்டியிருப்பார்கள். இப்படி நடப்பதுண்டு. அதனால் ஆய்வு செய்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போதைக்கு முதலாளியிடம் பேசி நேரத்தைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டுப் பாரேன். இல்லாவிட்டால் வீட்டிலேயே செய்கிற மாதிரி வேலை கொடுப்பாரா? மனு இத்துடன் வைத்திருக்கிறேன். குளிருக்குத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போ.

உன் தம்பி

*

மார்ச் 1

தம்பிக்கு,

சுகம்தான். உன் வயிறு தேவலையா?

உன் மனுவைப் படித்தேன். 'தயைகூர்ந்து', 'பரிவுடன்', 'கால அவகாசம் வாய்க்கும்போது'... இது புகாரா, கல்யாணப் பத்திரிகையா? கிழித்துப் போட்டுவிட்டு நானே எழுதி அனுப்பிவிட்டேன். பழைய ஆய்வுப் படிவத்தின் நகல் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். யார் போய்ப் பார்த்தார், என்றைக்குப் பார்த்தார், எல்லாம் தெரியட்டும்.

அப்புறம் அந்த வெள்ளம். பாலத்தடியில் படகுகளுக்கு வண்ணம் அடிக்கிற ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "வெள்ளமா? முப்பது வருஷமா இங்கதான் உக்காந்திருக்கேன், அந்தப் படியிலதான் சோறு திங்கறேன்" என்று சிரிக்கிறார். படி முழுக்கப் பாசி, ஓரமெல்லாம் தேய்ந்து கிடக்கிறது. நீ சொன்ன வெள்ளம் எந்த வருஷத்து வெள்ளமடா?

நான் எப்படி வேலைக்குப் போகிறேன் என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். முதல் வாரம் பஸ்ஸில் போனேன். ஐந்து நாளில் மூன்று நாள் லேட். முதலாளி சத்தம் போடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. இரண்டாம் வாரத்திலிருந்து ஆற்றங்கரைதான். படி வரைக்கும் போவேன். அங்கே காத்திருப்பேன். இரண்டு ஆள் வந்தால் தூக்கச் சொல்வேன். எந்த வேலையை இனி இந்த ஜென்மத்தில் செய்ய மாட்டேன் என்று சித்தி வீட்டிலிருந்து கிளம்பினேனோ, அதையே தினம் காலையிலும் மாலையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறேன். சில நாள் ஒருத்தரும் வருவதில்லை. கடிகாரத்தையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் போதும். இந்த வேலையை நான் விடப்போவதில்லை. உனக்கும் தெரியும், நான் பிடித்தால் உடும்பு.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

எதற்கு எல்லாவற்றையும் தோண்டுகிறாய்? படியைச் சரிசெய்யச் சொல்லிக் கேள், நியாயம். படிவத்தின் நகல் உனக்கு எதற்கு? எந்தக் காலத்திலோ ஒருவர் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருப்பார். அவருக்கும் குடும்பம் இருக்கும், பதவி உயர்வு காத்துக்கொண்டிருக்கும். உன் ஒரு புகாரில் அத்தனையும் போய்விடும். நீ கோபக்காரி, கெட்டவள் இல்லை. அந்த நகல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள். எனக்காக.

குட்டிக்குச் சளி. மற்றபடி ஒன்றுமில்லை.

தம்பி

*

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

நலம். குட்டியின் சளி குறைந்ததா? வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

பேனா சரியில்லை, எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

வெயில் ஏறிவிட்டது. ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. குட்டியின் தள்ளுவண்டி, அதுதான் நீங்கள் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனது, குழந்தையோடு சேர்த்து என்ன எடை இருக்கும்? உனக்கு ஞாபகம் இல்லையென்றால் வீட்டில் கேட்டுப் பார்.

அக்கா

*

ஏப்ரல் 12

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

நீங்கள் தள்ளுவண்டியின் எடையைக் கேட்டு எழுதிய கடிதம் வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "அந்தப் பாலத்துல வண்டிய எப்படிக் கொண்டுபோனோம்?" என்று கேட்டார்.

"தூக்கிட்டுத்தான். நீங்க முன்னாடி, நான் பின்னாடி" என்றேன்.

"இல்லையே, தள்ளிக்கிட்டுத்தானே போனோம்?"

"நல்லாருக்கே கதை! ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நீங்கதானே எண்ணுனீங்க. ஒவ்வொரு படிக்கும் குட்டி கெக்கெக்கேன்னு சிரிச்சா. இன்னொரு தடவை தூக்கலாமான்னுகூட கேட்டீங்க."

அண்ணி, அவர் முகம் போன போக்கைப் பார்த்து மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "நெஜமாவே எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். அதை மூன்று தடவை சொன்னார்.

நான் தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா? உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது? யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

*

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

உடம்பை விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா?

அந்தப் படிவம் உனக்கு வந்துவிட்டது, இல்லையா? என் கையெழுத்து உனக்குத் தெரியாதா என்ன, நீதானே எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தாய். ஆமாம் அக்கா, நான்தான். அந்த மகானுபாவன் நான்தான்.

ஆய்வுக்கு ஆள் இல்லை, பாதையை யாராவது ஒருவர் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். சனிக்கிழமை குட்டியைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துவிட்டேன். சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை மேஜையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். மூன்று கட்டம் இருக்கும்: 'தடையின்றிச் செல்லலாம்', 'உதவியுடன் செல்லலாம்', 'செல்ல முடியாது'. வண்டி போச்சே என்று முதல் கட்டத்தில் போட்டேன். தூக்கியது என் தலைக்குள் இல்லவே இல்லை. சத்தியமாக இல்லை. கைக்குழந்தை வண்டியைத் தூக்குவதை யாராவது கணக்கில் வைப்பார்களா? அன்றைக்கு நீயும் ஓடியாடிக்கொண்டிருந்தாய். எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் மறந்தது மட்டும்தான் என் தப்பு என்று எழுதினால் அது அடுத்த பொய். படியைப் பற்றி நீ எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கேயோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மே மாத நேர்முகம் கண் முன்னால் நின்றது. வெள்ளம் என்று எழுதினேன். எந்த வெள்ளமும் இல்லை. நீ படியில் காத்துக்கொண்டிருக்கிறாய் என்று படித்த பிறகும் 'எனக்காக' என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நேற்று அந்த ஊர் ஆபீஸுக்கு எழுதிவிட்டேன். என் ஆய்வு தவறு, சான்றை ரத்துசெய்து மறு ஆய்வு நடத்துங்கள் என்று. நகல் இத்துடன்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் எழுது.

தம்பி

*

ஏப்ரல் 27

தம்பிக்கு,

நன்றாக இல்லை. கேட்டாய், சொல்கிறேன்.

மார்ச் 19ஆம் தேதி காலையில் மழை தூறியிருந்தது. படியில் தூக்குவதற்கு இரண்டு பேர் வந்தார்கள், பாவம், நல்ல மனிதர்கள். இரண்டாவது படியில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. நான் பக்கவாட்டில் விழுந்தேன். வலது தோள் எலும்பு விலகிவிட்டது. ஏழு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். போன கடிதத்தில் பேனா சரியில்லை என்று எழுதியது பொய். இடது கையால் எழுதினேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

உன் படிவம் வந்தது மார்ச் 24. ஒற்றைக் கையால் உறையைப் பிடித்துப் பல்லால் கிழித்தேன். அந்த 'ஓ'வின் சுழியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உன் மேல் கோபம் என்பதைவிட, என்ன சொல்ல, நான் அந்தப் படியைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில்லாத ஒரு குமாஸ்தாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது இனி முடியாமல் போய்விட்டது.

கால்தான் போச்சு, கையாவது இருந்தது. ஏழு வாரம் அதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கக்கூட ஓர் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு கிடக்கிறேன். முதலாளி நேற்று வீட்டுக்கு வந்தார். "உங்க கைவேலை சுத்தம்மா. ஆனா எனக்கு ஆள் வேணுமே" என்றார். வேறு ஒருவரை எடுத்துவிட்டார். பாதை சரியானால் வந்து பாருங்கள், இடம் இருந்தால் தருகிறேன் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நீ மறந்ததை நான் மன்னித்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். நானும் நடந்துகொண்டிருந்தபோது எந்தப் படியையும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வெள்ளம் இருக்கிறதே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கே உன்னை நம்பி முதலாளியிடம் போய் "வெள்ளத்துல போயிடுச்சாம், சீக்கிரம் கட்டிருவாங்க" என்று சொன்னேனடா, மடச்சி மாதிரி.

கொஞ்ச நாள் எழுதாதே.

அக்கா

*

ஜூன் 9

அன்பு அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், ஆறு வாரம் பொறுத்தேன். கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று சித்தி சொன்னாள். வலி இருக்கிறதா? பயிற்சி செய்கிறாயா? இங்கே மூவரும் இருக்கிறோம். குட்டி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நேர்முகத்துக்கு என்னை அழைக்கவில்லை. அதைப் புலம்பலாக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

அந்த ஊர் ஆபீஸிலிருந்து பதில் வந்துவிட்டது. ஜூன் 28 காலை பத்து மணிக்கு மறு ஆய்வு. பழைய சான்று கொடுத்தவன் என்ற முறையில் நான் வந்து படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். சக்கர நாற்காலியில் போகிறவர் ஒருவரும் கூட வர வேண்டும். உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். வர விருப்பமில்லை என்றால் மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மேலதிகாரி கூப்பிட்டு, "நடுக் கட்டத்துல போட்டுட்டு வாய்யா. 'உதவியுடன் செல்லலாம்'. பொய்யில்லையே? ரெண்டு பேர் தூக்கினா போகுதுல்ல? உன் பழைய சான்று சின்னப் பிழைன்னு முடிஞ்சிரும். அடுத்த நேர்முகத்துக்கு நான் பாத்துக்கறேன்" என்றார். நடுக் கட்டத்தில் போட்டால் பாதையைச் சரிசெய்ய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. கையேட்டில் அந்தச் சக்கர நாற்காலிப் படமும் அப்படியே இருக்கும். கடைசிக் கட்டத்தில் போட்டால் ஆறு மாதத்துக்குள் சரிவு கட்டியாக வேண்டும். விதி அப்படி.

நான் என்ன செய்யட்டும் அக்கா? நீ சொல்கிறபடி போடுகிறேன்.

தம்பி

*

ஜூலை 2

அன்புள்ள குட்டியின் அம்மாவுக்கு,

நீ ஏப்ரலில் எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தோள் பரவாயில்லை, வலது கையாலேயே எழுதுகிறேன் பார். நீயும் குட்டியும் சுகம்தானே? எங்கள் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தாய். உன் வீட்டுக்காரன் ஊர் வந்து சேர்ந்து "எல்லாம் முடிஞ்சுது" என்று இரண்டு வார்த்தையில் சொல்லியிருப்பான். அவன் வாயிலிருந்து மூன்றாவது வார்த்தை வராது. அதனால் நான் சொல்கிறேன்.

எதைப் போடட்டும் என்று என்னைக் கேட்டு எழுதியிருந்தான். எனக்கு வந்ததே ஆத்திரம்! அதையும் நானே சொல்ல வேண்டுமா? 'வருகிறேன். கட்டத்தைப் பற்றி என்னைக் கேட்காதே' என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். அன்றைக்குக் காலையில்கூட அவன் எதைப் போடப்போகிறான் என்று எனக்குத் தெரியாது. பயந்துகொண்டேதான் போனேன்.

அந்த ஊர் ஆபீஸிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் குண்டு, ஒருவர் ஒல்லி. நான் முன்னால் உருட்டிக்கொண்டு போக, மூன்று பேரும் பின்னால் நடந்து வந்தார்கள். உன் வீட்டுக்காரன் வாத்தைக்கூடப் பார்க்கவில்லை. படி வந்தது. நின்றேன்.

குண்டு அதிகாரி, "அவ்ளோதானா? மூணு படிதான? நாம மூணு ஆம்பிளைங்க இருக்கோம். தூக்கி அந்தப் பக்கம் வச்சிட்டு, மிச்சத்தையும் பாத்துட்டு வந்துரலாம்" என்று சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார். ஒல்லியானவர் ஏற்கெனவே குனிந்து என் நாற்காலிச் சட்டத்தைப் பிடித்துவிட்டார்.

"சார், கைய எடுங்க" என்றான் உன் வீட்டுக்காரன்.

"என்னய்யா, உன் அக்காவுக்குத்தான ஹெல்ப் பண்றோம்?"

"தூக்கக் கூடாது சார். தூக்கினா பாதை போகுதுன்னு எழுதணும். பாதை போகல சார். இங்கயே நின்னுபோச்சு."

"அப்ப என்னதான் பண்றது? இப்படியே நிக்கறதா?"

"ஆமா சார். அவங்க இப்படித்தான் தினம் நின்னாங்க."

நின்றோம். சும்மா நின்றோம் அம்மா, இருபது நிமிடம். குண்டு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் தலையைப் பிளந்தது. பாசிப் படியில் உட்கார மனமில்லாமல் ஒற்றைக் காலில் மாற்றி மாற்றி நின்றார். எனக்கு அந்தக் கவலை இல்லை, என் நாற்காலி என்னோடு. கடைசியில் அவரே, "சரிய்யா, எழுது எழுது" என்றார்.

உன் வீட்டுக்காரன் படியில் உட்கார்ந்து, முழங்கால் மேல் படிவத்தை வைத்து, மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டான். கையெழுத்தும் போட்டான். அவனுடைய அடுத்த நேர்முகமும் அதோடு போனது, அது உனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அதற்காக அவனைத் திட்டாதே. டிசம்பருக்குள் சரிவு கட்டுவோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டுகிறார்களா இல்லையா என்று நான் ஒரு வாரம்கூட விடாமல் போய்க் கேட்பேன். பட்டறை முதலாளியிடமும் சொல்லிவிட்டு வந்தேன். "டிசம்பரா? பாப்போம்மா" என்றார். பார்ப்போம்.

அதிகாரிகள் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் திரும்பினோம். எனக்குக் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று நீ நினைக்க வேண்டாம். அந்த வெள்ளம் இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது. அவன் பக்கத்தில் நடந்து வந்தான், நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் தெரு முனையில் ஒரு மேடு இருக்கிறது. ஏழு வாரம் கட்டிலிலேயே கிடந்த தோள், பாதி மேட்டில் சுருக்கென்றது. நின்றுவிட்டேன். வழக்கமாக யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பின்னால் வந்து கைப்பிடியைப் பிடித்து, ஒரு வார்த்தை கேட்காமல் தள்ள ஆரம்பித்துவிடுவார்கள். சித்தி வீட்டில் எல்லோரும் அப்படித்தான். இந்த மூன்று வருஷத்தில் உன் வீட்டுக்காரனும் அப்படித்தான்.

அவன் முன்னால் வந்து நின்றான். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, தள்ளட்டுமா?" என்று கேட்டான்.

எனக்குத் தோள் வலித்தது. "தள்ளுடா" என்றேன்.

குட்டிக்கு என் முத்தம். லீவுக்கு மூன்று பேரும் வாருங்கள்.

அண்ணி